சப்பாத்துப் பெட்டியில் போன காசு

கம்பளையிலிருந்து சரக்கெடுக்க வரும் இளம் வியாபாரி ஒருவர், சென்ற மாதம் எனது கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, கிழமைக்குக் கிழமை எங்களுக்கு இவ்வளவு புத்தி எழுதுறீங்களே, நீங்க எங்கயும் ஏமாந்து போனதில்லையா?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு, அவருடைய பில்லைக் கூட்டத் தொடங்கிவிட்டேன். ஆனால் அன்றிரவு கணக்குப் புத்தகத்தை மூடியபின்பும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் அவருக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுத வேண்டும். அதற்கு முன் எனக்கு இந்தத் துணிவைத் தந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சார்லட் கோல்ஸ் என்பது அவரது பெயர். நியூயோர்க்கில் வாழ்பவர். பத்திரிகைகளுக்குச் சுயாதீனமாக எழுதி வந்தவர். அதாவது மாதம் முடிய நிரந்தரச் சம்பளம் கிடைக்கும் உத்தியோகமல்ல. எழுதினால் காசு, எழுதாவிட்டால் இல்லை. 'நியூயோர்க்' சஞ்சிகையைச் சேர்ந்த 'த கட்' என்ற பகுதியில் பணம் பற்றிய ஆலோசனைப் பத்தி எழுதியவர். சம்பளம் கூட்டிக் கேட்பது எப்படி, கடனை அடைப்பது எப்படி, கணவன் மனைவிக்கிடையில் காசுப் பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்பார்கள். இவர் விசாரித்து, அறிந்தவர்களிடம் கேட்டுப் பதில் எழுதுவார்.

2023 ஒக்டோபர் 31ஆந் திகதி இவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அமேசன் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னார். உங்களுடைய பெயரில் 8,000 டொலருக்குக் கணினிகள் வாங்கப்பட்டுள்ளன, நீங்கள் வாங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், உங்கள் அடையாளத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று சொல்லி, அரசாங்கத்தின் வர்த்தக ஆணைக்குழு அதிகாரி என்ற ஒருவரிடம் அழைப்பை மாற்றிக் கொடுத்தார். அந்த ஆளுக்கு இவரது பிறந்த திகதி தெரிந்திருந்தது. வீட்டு விலாசம் தெரிந்திருந்தது. அடையாள இலக்கத்தின் கடைசி நான்கு எண்களும் தெரிந்திருந்தன. உங்கள் பெயரில் 22 வங்கிக் கணக்குகள், 9 வாகனங்கள், 4 சொத்துக்கள் இருக்கின்றன, முப்பது இலட்சம் டொலருக்கு மேல் ஜமைக்காவுக்கும் ஈராக்குக்கும் போயிருக்கிறது என்றான். அடுத்து சீ.ஐ.ஏ. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் வந்தான். உங்கள் கணக்குகள் முடக்கப்படப் போகின்றன, அதற்கு முன் செலவுக்குத் தேவையான காசை வெளியே எடுங்கள், அதை எங்களிடம் தந்தால் நாளைக்கு அரசாங்கக் காசோலையாகத் திருப்பித் தருவோம் என்றான். கணவனிடம் சொல்ல வேண்டாம், சட்டத்தரணியிடமும் போக வேண்டாம், தொலைபேசியை வைக்கவும் வேண்டாம் என்றான். இரண்டு வயது மகனைப் பற்றியும் பேச்சு வந்தது. தாய் மனது என்ன பாடுபட்டிருக்கும்!

அவர் வங்கிக்குப் போய் 50,000 டொலர் எடுத்தார். நம் காசில் ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு மேல். மோசடிகள் பற்றி எச்சரிக்கும் ஒரு தாளையும் வங்கியில் காசோடு சேர்த்தே கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டிலிருந்த சப்பாத்துப் பெட்டி ஒன்றில் அந்தக் காசைப் போட்டு ஒட்டி, தெருவில் வந்து நின்ற வெள்ளை வாகனத்தின் பின் ஆசனத்தில் தன் கையாலேயே வைத்தார். வாகனம் போய்விட்டது.

இதுவரை நடந்தது, எந்த நாட்டிலும் எவருக்கும் நடக்கக்கூடிய ஒரு திருட்டு. நான் பெரிதாக நினைப்பது அவர் அதற்குப் பிறகு செய்ததைத்தான். 2024 பெப்ரவரி 15ஆந் திகதி, தான் பத்தி எழுதும் அதே 'த கட்'டில், தன் சொந்தப் பெயரில், எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னான், தான் எந்த இடத்தில் சந்தேகப்பட்டேன், அந்தச் சந்தேகத்தை எப்படி விழுங்கினேன் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார்.

உலகம் சிரித்தது. "காசைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தவள் பெட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறாள்" என்றார்கள். "இவ்வளவு முட்டாளா?" என்றார்கள் சிலர். கதை முழுவதும் கட்டியது என்றார்கள் வேறு சிலர். ஒரே நாளில் ஐம்பதினாயிரம் எடுக்க முடிகிற ஆளுக்கு எங்களுடைய கஷ்டம் எங்கே தெரியும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கும் இப்படித்தான் ஏமாற்று நடந்தது, இதுவரை வீட்டாரிடமும் சொல்லவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னவர்களின் சத்தம் அந்தச் சிரிப்பில் அமுங்கிப் போனது.

சிரித்தவர்களின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஓட்டை விழுந்த குடையை விற்கிறவனிடம் யார் குடை வாங்குவார்கள்? ஆலோசனை சொல்கிறவர் வங்கி கொடுத்த எச்சரிக்கைத் தாளைக்கூட வாசித்து நிற்கவில்லையே என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பொய்யும் இருக்கிறது. விபரம் தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்பதே அந்தப் பொய். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டு மக்கள் மோசடிகளில் இழந்ததாக அறிவித்த தொகை 1,000 கோடி டொலருக்கும் மேல். அவ்வளவு பேரும் படிக்காதவர்களா? காசை இழந்ததாக முறையிட்டவர்களின் விகிதம் முதியவர்களைவிட இளைஞர்களிடமே அதிகம் என்றும் அதே ஆணைக்குழு சொல்கிறது.

சிரிப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' என்ற புத்தகத்தை நம்மில் பலர் வாசித்திருப்போம். அதை எழுதிய ரொபர்ட் கியோசாகியின் நிறுவனங்களில் ஒன்று, தனக்குக் கூட்டங்கள் ஏற்பாடு செய்து கொடுத்த இன்னொரு நிறுவனத்துக்கு இரண்டு கோடி டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தபின், 2012இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அவருடைய சொந்தச் சொத்து தப்பியது. புத்தகமும் தொடர்ந்து விற்கிறது. நான் முதலில் அதை வாசித்தபோது அரைவாசிக்குமேல் கோடு போட்டு வைத்தவன்தான். ஆனாலும் கேட்கிறேன்: கடன்காரனுக்குக் கொடுக்காமல் வங்குரோத்துக்குப் போன நிறுவனத்தின் சொந்தக்காரரை உலகம் மன்னித்துவிட்டது, தன் காசை மட்டும் இழந்து அதைச் சொல்லிவிட்ட பெண்ணை மன்னிக்கவில்லை. இது என்ன நீதி?

இதை வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் இன்னொரு விடயம் விளங்கும். சுயாதீனமாக எழுதுகிறவருக்குக் கடையில்லை, களஞ்சியமில்லை. பெயர்தான் முதல். அடுத்த கட்டுரைக்கு ஆசிரியர் அழைப்பதும் அந்தப் பெயரை நம்பித்தான். அந்த முதலையே மேசையில் வைத்துத்தான் கோல்ஸ் அந்தக் கட்டுரையை எழுதினார்.

நமது தொழிலும் அதேதான். புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஐந்து இலட்சத்துக்குப் புடைவை எடுத்து, பின்திகதியிட்ட காசோலையைக் கொடுத்துவிட்டு லொறியில் ஏற்றிக்கொண்டு வருகிறோமே, எதை நம்பித் தருகிறான்? காணி உறுதியையா? கண்டியில் இன்னாருடைய மகன், இதுவரை காசோலை திரும்பியதில்லை என்ற பெயரைத்தான். ஆகவே நம்மில் ஒருவர் எங்காவது காசைக் கொடுத்து ஏமாந்தால் அதை மூடுவதற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல. விடயம் கொழும்புக்குத் தெரிந்தால் அடுத்த கிழமையே "காசு கொண்டுவாங்க முதலாளி, சரக்கு எடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் தண்ணீர் வந்தால் யாரும் மறைப்பதில்லை. நனைந்த சரக்கை வெளியே எடுத்துப் போடுகிறோம், ஊர் வந்து கைகொடுக்கிறது, கொழும்பு முதலாளிமாரும் தவணை தருகிறார்கள். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிக் கடைகள் எரிந்தபோதும் இழந்தவர்கள் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. தண்ணீரும் தீயும் கொண்டுபோனதைச் சொல்லலாம்; மனிதன் கொண்டுபோனதைச் சொல்லக்கூடாது. இதுதான் நம் ஊர் வழக்கம். மறைக்கிறவன் என்ன செய்கிறான்? இழந்த தொகையை நிரப்ப ஒரு காசோலையை இன்னொரு காசோலையால் மூடுகிறான். மைத்துனரிடம் கைமாற்று வாங்குகிறான். இரண்டு இலட்சம் இழப்பு ஒரு வருடத்தில் எட்டு இலட்சம் கடனாகி நிற்கும்போது ஊருக்குத் தெரிகிறது. அப்போது அவனுடைய பெயரும் போய், அவனை நம்பியவனுடைய காசும் போகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2007இல், இந்தப் பத்தியை எழுதத் தொடங்கிய புதிதில், வியாபாரிகளிடம் முதலீடு வாங்கிய ஒருவரிடம் நான் நான்கு இலட்சம் ரூபா கொடுத்தேன். ஆளின் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். இலட்சத்துக்கு மாதம் நாலாயிரம், வட்டியல்ல, இலாபப் பங்கு என்றார். நான் கணக்குத் தெரியாதவனல்ல. மாதம் நாலாயிரம் என்றால் வருடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். இலட்சத்துக்குக் கிட்டத்தட்ட அரைவாசி. நான் இருபது வயதிலிருந்து புடைவை விற்கிறேன். வாடகை, மின்கட்டணம், பையன்களின் சம்பளம், பழுதான சரக்கு, வராத கடன் எல்லாம் போக, பெருநாள் வியாபாரம் நன்றாக நடந்த வருடத்தில்கூட இலட்சத்துக்கு அரை இலட்சம் என் கையில் மிஞ்சியதில்லை. அப்படியானால் அந்த மனிதர் எந்த வியாபாரத்தில் எனக்கும் கொடுத்து, தனக்கும் எடுத்துக்கொள்கிறார்? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. முதல் மாதம் பதினாறாயிரம் கையில் வந்ததும் கேள்வி நின்றுவிட்டது.

பதினொரு மாதம் தந்தார். பிறகு பத்து நாள் பிந்தியது. அடுத்த மாதம் பாதி வந்தது. அதற்கடுத்த மாதம் ஒன்றுமில்லை. துறைமுகத்தில் சரக்கு நிற்கிறது, வெளிவந்ததும் சேர்த்துத் தருகிறேன் என்றார்.

அந்த நாட்களில்தான் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துத் தையற்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். மத்திய கிழக்கில் ஏழெட்டு வருடம் உழைத்து வந்தவர். என்னிடம் நூலும் துணியும் எடுப்பவர். இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவரும்கூட. அந்த ஆளின் பெயரைச் சொல்லி, "நானா, அவர்ட்ட சல்லி போடலாமா? நீங்களும் போட்டீக்கியதாம் என்டு சொன்னாங்க" என்று கேட்டார்.

எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "விசாரிச்சுப் பார்த்துப் போடுங்க" என்ற ஒரு வார்த்தை.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் நான் ஏமாந்தது தெரியவரும் என்பது ஒன்று. அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. விடயம் வெளியே போனால் எல்லோரும் போய்க் காசைக் கேட்பார்கள், ஆள் ஓடிவிடுவார், என் நான்கு இலட்சம் வராது. புதிதாக நாலு பேர் போட்டால் அதிலிருந்தாவது எனக்குக் கிடைக்கலாம். இதை நான் அன்று இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் மனதின் அடியில் அதுதான் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். இப்படிப்பட்ட திட்டங்கள் ஏன் இவ்வளவு காலம் ஓடுகின்றன என்று கேட்கிறார்கள். நடத்துகிறவரின் கெட்டிக்காரத்தனம் பாதிதான். முதலில் போட்டவர்களின் மௌனம் மற்றப் பாதி.

தையற்காரர் மூன்று இலட்சம் போட்டார். அவருக்கு இரண்டு மாதம்தான் வந்தது. அந்த இரண்டு மாதமும் நான் இந்தப் பத்தியில் சிக்கனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடு முழுவதும் இதே நாடகம் பெரிய அளவில் அரங்கேறியது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். செப்டெம்பரில், ஆங்கில வகுப்புகளால் நாடறிந்த சக்வித்தி ரணசிங்க, மக்களிடம் வைப்பு வாங்கிவிட்டுத் தலைமறைவானார். டிசெம்பரில் கோல்டன் கீ விழுந்தது. சுமார் 2,600 கோடி ரூபா, ஒன்பதாயிரம் பேரளவில் வைப்பாளர்கள். அது கடனட்டை நிறுவனம். வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. அதில் போட்டவர்களில் படித்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வைப்பாளர்கள் வெட்கப்பட்டு வீட்டில் இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள், வீதியில் நின்றார்கள், உயர் நீதிமன்றம் வரை போனார்கள். முழுவதும் கிடைக்காவிட்டாலும் பலருக்கு ஒரு பகுதியாவது திரும்பி வந்தது. நானும் என்னோடு போட்டவர்களும் எங்கும் போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழுதோம். ஆள் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு போனபின்தான் எத்தனை பேர் போட்டிருந்தோம் என்பது எங்களுக்கே தெரிந்தது.

சொன்னால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலிருந்து ஒரு சம்பவம். லுதியானாவில் வர்தமான் என்ற பெரிய நெசவுக் கம்பனியின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். எண்பது வயதைக் கடந்தவர், பத்மபூஷண் விருது பெற்றவர். வியாபாரத்தில் அவர் பார்க்காததா? 2024 ஓகஸ்ட் கடைசியில் பொலிஸ் என்றும் புலனாய்வு என்றும் சொல்லிக்கொண்டவர்கள் தொலைபேசிக் காட்சியிலேயே அவரைக் கைது செய்ததாகச் சொல்லி, போலியான உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையும் காட்டி, ஏழு கோடி இந்திய ரூபாவை மாற்றிக்கொண்டார்கள். கோல்ஸை ஏமாற்றிய அதே வித்தைதான். நீதிபதி வேடம் மட்டும் புதிது. ஓஸ்வால் நாட்களைக் கடத்தவில்லை. பொலிஸில் முறையிட்டார், பிறகு தானே பத்திரிகையாளர்களிடம் நடந்ததைச் சொன்னார். கணக்குகள் உடனடியாக முடக்கப்பட்டதால் ஐந்தேகால் கோடி மீட்கப்பட்டது. இரண்டு கிழமை வெட்கப்பட்டு இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது மணித்தியாலங்கள்தான் கணக்கு.

இன்று நமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் இதெல்லாம் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. 2023இல் மத்திய வங்கி, ஒன்மெக்ஸ் டீடீ உட்படச் சில நிறுவனங்களின் பெயரைக் குறிப்பிட்டு, இவை வங்கிச் சட்டத்தின் 83 சீ பிரிவின் கீழ்த் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று அறிவித்தது. அறிவித்தல் நல்லதுதான். ஆனால் மத்திய வங்கியின் பட்டியல் வருவதற்கு முன்பே அந்தத் திட்டத்தில் காசை விட்ட ஒருவர் உங்கள் வீதியிலேயே இருப்பார். அவர் வாயைத் திறந்தால் பட்டியல் வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அவர் வாயைத் திறக்க வேண்டுமானால் நாம் சிரிக்காமல் இருக்க வேண்டும். கொழும்பில் சரக்குத் தருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஏமாந்ததை முதல் நாளே வந்து சொல்கிற வியாபாரிக்கு ஒரு தவணை கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். மறைக்கிறவனைவிட அவனிடம் உங்கள் காசு பத்திரமாக இருக்கும்.

காசைப் பற்றி எழுதுகிறவர்களை எப்படி அளப்பது என்று கேட்டால் எனக்கு இப்போது ஒரு வழிதான் தெரியும். அவர் எதில் இழந்தார் என்று எங்காவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். முப்பது வருடம் காசோடு பழகி ஒன்றுமே இழக்காதவர் யாரையும் நான் கண்டி நகரில் கண்டதில்லை. கோல்ஸ் அந்தக் கட்டுரைக்கு முன் எழுதிய ஆலோசனைகளில் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சப்பாத்துப் பெட்டி மறக்காது. சென்ற வருடம் எனக்கு ஓர் அழைப்பு வந்து, சுங்கத்தில் உங்கள் பெயரில் பொதி ஒன்று நிற்கிறது, யாரிடமும் சொல்லாமல் இப்போதே காசு மாற்றுங்கள் என்றபோது, அந்த 'யாரிடமும் சொல்லாமல்' என்ற வார்த்தையில் என் கை நின்றது. அவர் காசு கொடுத்துப் படித்த பாடம் எனக்கு இலவசமாக வந்தது.

இதை எழுதுவதற்கு முன் கட்டுகஸ்தோட்டைத் தையற்காரரைத் தேடிப் போனேன். கடை இப்போது மகனுடையது; அவர் காலையில் வந்து பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் நானா. உங்கட முகத்துல அன்டைக்கே ஈந்திச்சி. ஆசை, பார்க்காத மாதிரி இருந்திட்டன்" என்றார். மூன்று இலட்சத்தில் கொஞ்சத்தையாவது நான் பொறுப்பேற்கிறேன் என்றதற்குக் கையை அசைத்து மறுத்துவிட்டார்.

பத்தியில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோசனமா ஈக்கும். என்ட பேர மட்டும் போட வாண. பேத்திக்குப் பேச்சு நடக்குது."